உன் மகள் இங்கே இருந்த ஒன்பது நாள்

காட்பாடி,
வைகாசி 12

அன்புள்ள குமார்,

நலம். நீ, தங்கச்சி, சின்னவன் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்னி நட்சத்திரம் இந்த வருஷமும் வேலூரை விட்டுவைக்கவில்லை. காலை பத்து மணிக்கே குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வருகிறது.

வைகாசி ஒன்று அன்று எல்லோரும் குடியாத்தம் போய் வந்தோம், சிரசுத் திருவிழாவுக்கு. அம்மன் சிரசு வருகிற வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறார்கள், சில்லு பறந்து வந்து முழங்காலில் அடிக்கிறது. உன் மகள் என் கையை விடவே இல்லை. ராத்திரி வாணவேடிக்கை பார்க்கக் கௌண்டன்யா ஆற்றங்கரையில் நல்ல இடமாகக் கிடைத்தது. நீ திருவிழாவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது என்று உன் அண்ணி கணக்கு வைத்திருக்கிறாள். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு நான் மழுப்பினேன். பெண் பக்கத்திலேயே உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள், வேறென்ன செய்வது? "ரெண்டு தரம் நீட் எழுதினா, வரல. சரின்னு விலங்கியல்ல சேத்தேன். இப்ப நோய் ஆராய்ச்சி பண்ணப் போறேன்றா. டாக்டர் சீட்டு கிடைக்காதவங்க போற வழியாடா இது? சோறு போடுமா?" என்று கேட்டாய். சோற்றுக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். முதல் கேள்விதான் என்னைக் குடைந்தது. நோய் ஆராய்ச்சி ஆய்வகத்தில் முப்பது வருஷமாக நான் நிற்கிற இடத்தை நீ அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாயா என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. அது போகட்டும்.

வந்த அன்றே அவள் கையில் ஒரு மைக்ரோபிப்பெட்டைக் கொடுத்தேன், துளியிலும் சிறிய அளவை உறிஞ்சி விடுகிற கருவி. ஆய்வகத்தில் கழித்துப் போட்ட பழசு, வீட்டில் கிடக்கிறது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீரை உறிஞ்சி, பிளாஸ்டிக் தாளில் பத்துப் பத்து மைக்ரோலிட்டராக வைக்கச் சொன்னேன். சாதாரணச் சொட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கட்டை விரலால் அழுத்தும்போது முதலில் ஓர் இடத்தில் தடுக்கும், இன்னும் அழுத்தினால் இரண்டாவது தடுப்பு. முதல் தடுப்பு வரை அழுத்தித்தான் உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போதுதான் இரண்டாவது வரை போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் உறிஞ்சும்போதே இரண்டாவது வரை அழுத்துவார்கள், அளவு கூடிவிடும். இவளும் அதையே செய்தாள். ஒரு பொட்டு சின்னது, ஒரு பொட்டு குங்குமப் பொட்டு அளவு. நான் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் தாள் முழுக்கப் பொட்டு, கடைசி நான்கு வரிசையும் அச்சில் வார்த்தது போல இருந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் "இருங்க பெரியப்பா" என்கிறாள். கல்லூரியில் தவளை அறுக்கிற அன்று க்ளோரோஃபார்ம் வாசனைக்கே ஜன்னலோரம் போய் நின்றவனுடைய மகள்!

ரத்தத்தில் நோய்த்தொற்றின் அடையாளம் இருக்கிறதா என்று பார்க்கிற எலிசா சோதனைத் தட்டு எப்படி இருக்கும் என்று கேட்டாள். இட்லித் தட்டு மாதிரிதான், ஆனால் 96 குழி என்றேன். அப்படியே நிர்மலா அம்மாவின் கதைக்குப் போய்விட்டோம். உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. 1985-86-ல் செல்லப்பன் நிர்மலா சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தவர். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடியபோது, எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா பார் என்று பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்கிறார். நம் நாட்டில் அது இருக்கவே இருக்காது என்று பெரியவர்களே நம்பியிருந்த காலம். நிர்மலா ரத்தம் சேகரித்துச் சீரம் பிரித்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் சோதனைக்கு வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் கணவரோடு ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயிலேறி வந்தது நம் வேலூருக்குத்தான், சி.எம்.சி.க்கு, டாக்டர் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்துக்கு. தட்டில் ஆறு குழி மஞ்சளாக மாறியிருந்தது, தொற்று இருக்கிறது என்பதற்கு அடையாளம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். உன் மகளுக்கு அந்தக் கதையில் பிடித்தது எது தெரியுமா? மஞ்சள் குழி இல்லை, வீட்டு ஃப்ரிட்ஜ். "தயிர்ப் பக்கத்துலயா பெரியப்பா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நமக்கு அப்போது பதினாறு வயசு, டா. அந்த ஐஸ்பெட்டி வந்து இறங்கியது நம் ஸ்டேஷனில்தான், நமக்குத்தான் ஒன்றும் தெரியாது.

ஐந்தாம் நாள் கரிகிரிக்குக் கூட்டிப்போனேன். 1955-ல் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று தொடங்கிய இடம் அது. தெரிந்தவர் ஒருவர் சுற்றிக் காட்டினார். இவள் வகுப்பில் படித்ததை ஒப்பித்துக்கொண்டே வந்தாள்: ஹான்சன் 1873-ல் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி, மைக்கோபாக்டீரியம் லெப்ரே. நூற்றைம்பது வருஷம் ஆகியும் அந்தக் கிருமியை ஆய்வகத் தட்டில் ஒருவராலும் வளர்க்க முடியவில்லை என்று சொன்னதும் நின்றுவிட்டாள். குடலில் வாழ்கிற ஈ.கோலை கிருமி இருபது நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இந்த மகாராஜா இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறார். குளிர்ந்த இடம் வேண்டும் என்பதால் சுண்டெலியின் பாதத்தில் ஊசி போட்டு வளர்க்க வேண்டும், ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கவே ஆறு மாதம், ஒரு வருஷம் ஓடிவிடும்.

அப்புறம் செருப்பு செய்கிற பகுதிக்குப் போனோம். ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், இடது காலில் இரண்டு விரல்தான். தொழிலாளி அவருக்குச் செருப்பு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெத்தென்ற ரப்பர், கீழே கெட்டியான ரப்பர், பின்னால் குதிகாலைப் பிடிக்க ஒரு வார். உன் மகள் அந்தச் செருப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல ஒரு ஆணிகூட இல்லையே?" என்றாள். பசையும் தையலும்தான். ஆணி தேய்ந்து மேலே வந்து குத்தினால் அவருக்குத் தெரியாது, அதனால்தான் என்று அந்தத் தொழிலாளி சொன்னார். கிருமி விரலைத் தின்னுவதில்லை, உணர்ச்சி செத்துப்போன விரலை மனிதன் தானே சுட்டுக்கொள்கிறான், வெட்டிக்கொள்கிறான், தெரியாமல் அழுகவிடுகிறான். இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர், 1946-ல் வேலூருக்கு வந்து, மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்து விரல்களை நீட்டவும் மடக்கவும் வைத்தவர்.

அந்தப் பெரியவர் கூட்டு மருந்தெல்லாம் முழுசாகச் சாப்பிட்டுக் குணமாகி இருபது வருஷம் ஆகிறதாம். வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் இவள் கேட்டாள்: "கிருமி செத்து இருபது வருஷம் ஆச்சு. நோய் இன்னும் போகலையே பெரியப்பா. அப்போ நாம எதைக் குணமாக்கினோம்?"

நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன சொல்ல? செத்த நரம்பை மீட்கிற மருந்து இன்றைக்கும் இல்லை. நாடு 2005 முடிவிலேயே தொழுநோயைப் பத்தாயிரத்துக்கு ஒருவருக்கும் கீழே கொண்டுவந்துவிட்டோம் என்று அறிவித்தது, ஆனாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் போலப் புதிதாக வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மருத்துவராகிறவர் அந்தப் பெரியவருக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பார், அது பெரிய வேலை. இவள் யோசித்தது வேறு. இரண்டும் ஒரே படிக்கட்டில் மேல்படி கீழ்ப்படி இல்லை குமார். நீட்டில் 600 வாங்கியிருந்தாலும் இந்தக் கேள்வி அவளைத் துரத்தியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் வேலை என்ன மாதிரி என்பதையும் அவளுக்கு ஒளிக்கவில்லை. வேலூர்ச் சேரிப் பகுதிகளில் சி.எம்.சி. ஆராய்ச்சியாளர் ககன்தீப் காங் குழுவினர், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற ரோட்டா வைரஸ் பற்றிச் செய்த ஆய்வைச் சொன்னேன். பிறந்த குழந்தைகளை மூன்று வயது வரை பின்தொடர்ந்தார்கள், கடைசிவரை நின்றவை 373 குழந்தைகள். வாரத்துக்கு இரண்டு முறை வீட்டுக்குப் போக வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழந்தையின் மலத்தை டப்பாவில் வாங்கி வர வேண்டும், வயிற்றுப்போக்கு வந்தால் அப்போதும். மூன்று வருஷம்! அதில் தெரிந்தது என்ன? மெக்சிகோவில் இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வரவே இல்லை என்று முன்பு கண்டிருந்தார்கள். நம் ஊரில் மூன்று முறை வந்துபோன பிறகும் 79 சதவீதம்தான் பாதுகாப்பு. அதே வைரஸ், ஊர் வேறு. அங்கே கண்ட கணக்கை நம்பி இங்கே தடுப்பு மருந்து கொடுத்தால் எதிர்பார்த்த பலன் வராது. இதை நம் தெருவில் டப்பா தூக்கினால் ஒழியத் தெரிந்திருக்காது. காங் 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் கழகத்தின் உறுப்பினர் ஆனார், இந்தியாவில் வேலை செய்கிற பெண் விஞ்ஞானிகளில் அவர்தான் முதல். பேப்பரில் அந்தப் படம் வரும், டப்பா வராது.

என் கதையையும் சொன்னேன். உனக்கே தெரியாது, வெட்கப்பட்டு யாருக்கும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறோர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தரை துடைக்க வசதியாக ஃப்ரீசரைக் கொஞ்சம் நகர்த்தினேன். பிளக் பாதி கழன்றதைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கதவைத் திறந்தால் காலெல்லாம் தண்ணீர். பதினோரு கிராமத்து ரத்த மாதிரி, எட்டு மாத உழைப்பு, எல்லாம் கெட்டு வாடை அடிக்கிறது. அழுதேன், டா. எங்கள் ஆய்வகத் தலைவர் வந்து பார்த்தார், திட்டவில்லை. "நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுது, உன் பேரையும் எழுது" என்றார். அதுதான் திட்டியதைவிட வலித்தது. திரும்ப ஊர் ஊராகப் போனேன். ஒரு பாட்டி கையை நீட்டிக்கொண்டே, "போன மாசம் குடுத்த ரத்தம் இன்னாப்பா ஆச்சு? குடிச்சிட்டியா?" என்று கேட்டது. உன் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும், "மறுபடி எத்தனை பேர் குடுத்தாங்க?" என்றாள். பாதிக்கு மேல் கொடுத்தார்கள்.

சரி, சோறு. கேட்டுக்கொள். பி.எஸ்சி. இன்னும் ஒரு வருஷம், எம்.எஸ்சி. இரண்டு வருஷம். அதற்கு நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடமாகப் பிடிக்க வேண்டும், பக்கத்துக் கல்லூரி என்று சோம்பேறித்தனம் பண்ண விடாதே. பிறகு ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு தரம் நடக்கிறது. அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பிஎச்.டி. முடிக்க ஐந்து, ஆறு வருஷம். ஆக, சொந்தக் காலில் நிற்க ஆரம்பித்துவிடுவாள், ஆனால் நிலையான வேலை என்று உட்கார முப்பது தாண்டும். பணம் சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாக வரும், அந்த நேரத்தில் நீ முகம் சுளிக்கக் கூடாது. நெட் வரவில்லை என்றாலும் ப்ராஜெக்ட் வேலைகள் உண்டு, களப்பணி உண்டு, பொதுச் சுகாதாரம் படிக்கலாம். சம்பளம் பெரிதாக இருக்காது, பட்டினியும் இருக்காது. ஐ.டி.க்குப் போன உன் அண்ணன் மகனோடு ஒப்பிட்டால் தோற்றுப்போவாய், ஒப்பிடாதே. மாப்பிள்ளை பேச்சை யார் முதலில் எடுப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். தங்கச்சியிடம் உன் அண்ணியே பேசிக்கொள்கிறாளாம்.

ஆவடியில் இருந்துகொண்டு, தொற்றுநோயியல் நிறுவனம் அயப்பாக்கத்தில் இருப்பது உனக்குத் தெரியுமா? உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காசநோயாளியைச் சானடோரியம் என்கிற தனி மருத்துவமனையில் அடைக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் அதே அளவு குணமாகும் என்று 1950-களின் கடைசியில் நிரூபித்த இடம். அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஆய்வகத்தில் வேலை பழக உதவித்தொகை தருகின்றன, அதையும் விசாரித்து வைக்கட்டும். இதற்கெல்லாம் நீ கூடப் போக வேண்டாம். பஸ்ஸுக்குக் காசு கொடு, போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். அவளுடைய நீல நோட்டு இங்கேயே தங்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் அந்தச் செருப்பை வரைந்து, மேல் ரப்பர், கீழ் ரப்பர், வார் என்று அம்புக்குறி போட்டிருக்கிறாள். கீழே "ஆணி இல்லை" என்று இரண்டு கோடு. சனிக்கிழமை எதிர்வீட்டுப் பையன் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் ஒரு கிலோ. காம்பில் முள் இருக்கும், தங்கச்சியைப் பார்த்து அரியச் சொல்.

அன்புடன்,
ரவி