பொம்மையின் பெயர் இருக்கிறது, இசைத்தவர் பெயர் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான, விளம்பரங்களால் புகழ்பெற்ற இசை பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 1999-இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்து, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த ‘ஃபிளாட் பீட்’ என்ற மின்னணு வாத்திய இசைக்கு அதில் நான்கு பத்திகள் ஒதுக்கியிருந்தீர்கள். லீவைஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தது. விளம்பரத்தில் தலையாட்டும் மஞ்சள் பொம்மையின் பெயர் ஃபிளாட் எரிக் என்பதும் படத்தோடு இருந்தது. அந்த இசையைச் செய்தவர் யார் என்பது மட்டும் எங்குமே இல்லை. ‘இசையில் பெரிதாக ஒன்றும் இல்லை, விளம்பரமே அதைத் தூக்கி நிறுத்தியது’ என்று ஒரு வரியும் இருந்தது. இந்த இரண்டைப் பற்றியும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் திருவிழா மேடைகளிலும் திருமண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு வாசிப்பது என் தொழில். ‘ஃபிளாட் பீட்’டை நான் முதலில் கேட்டது, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அப்போது இருந்த ஒரு கேசட் பதிவுக் கடையில். சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த சிடியிலிருந்து கடைக்காரர் பதிந்துகொண்டிருந்தார். எங்கள் குழுவில் ரிதம் பேடு வாசிக்கும் நண்பர் கேட்டவுடன், “இது உறுமியில்லையா?” என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் சரியான இடத்தைத் தொட்டுவிட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன். உறுமியின் ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கும்போது, ஒலி ஓர் இடத்தில் நிற்காமல் முனகிக்கொண்டே மேலேறி இறங்குகிறதே, ‘ஃபிளாட் பீட்’டின் அடித்தள இசை அப்படித்தான் நகர்கிறது. ஒரு ஸ்வரத்தை அடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவாமல், இரண்டுக்கும் நடுவே உருண்டும் நெளிந்தும் போகிறது. ராகம் என்று சொல்ல அதில் அதிகம் இல்லைதான். ஆனால் ஒரே சிறிய துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்தும் கேட்பவரை எழுந்துபோக விடாமல் வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை, கோயில் வாசலில் நள்ளிரவு வரை வாசித்துக் கூட்டத்தைப் பிடித்து வைக்கும் எந்த மேளக்காரரைக் கேட்டாலும் சொல்வார்.

அந்த ஒலி கோர்க் எம்எஸ்-20 என்ற ஜப்பானிய சிந்தசைசரில், அதாவது மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவியில் பிறந்தது. 1978-இல் வந்த கருவி அது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் ஒலிக்கும். இரண்டு விரல் வைத்தாலும் இரண்டு ஸ்வரம் வராது. இன்று நாங்கள் வாங்கும் கீபோர்டைப் போலப் பொத்தானை அழுத்தினால் வயலின், புல்லாங்குழல் என்று தயாராக வந்து நிற்கும் கருவியும் அல்ல. குமிழ்களைத் திருகியும், சிறு வயர்களை ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு மாற்றிச் செருகியும், வாசிப்பவரே ஒலியை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதில் ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் வடிகட்டியைச் சற்றுக் கூடுதலாகத் திருகினால் ஒலி கீச்சிடும், குறைத்தால் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வருவதைப் போல அமுங்கிவிடும். அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பதற்குக் காதும் பொறுமையும் வேண்டும். இதைச் செய்த மனிதரின் உழைப்பை ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒதுக்கியது நியாயம் இல்லை.

விளம்பரத்தின் பலத்தை நான் மறுக்கவில்லை. எண்பதுகளின் இறுதியிலிருந்து டைட்டன் கைக்கடிகார விளம்பரத்தில் ஒலித்த இசை மொசார்ட்டின் 25-ஆவது சிம்பொனியின் தொடக்கம். 1773-இல், தமது பதினேழாவது வயதில் அவர் எழுதியது. திருமங்கலத்தில் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், பெண்ணின் தகப்பனார் மேடையருகே வந்து, “தம்பி, மாப்பிள்ளை உள்ளே வரும்போது அந்த வாட்ச் மியூசிக்கைப் போடுங்கள்” என்று கேட்டார். வாசித்தேன், மண்டபமே திரும்பிப் பார்த்தது. இருநூறு ஆண்டுக்கு முந்தைய இசையைத் திருமங்கலம் வரை கொண்டுவந்து சேர்த்தது விளம்பரம்தான். ஆனால் கொண்டுவந்த வழியில் மொசார்ட்டின் பெயரை விட்டுவிட்டு, கடிகாரத்தின் பெயரை மட்டுமே கொண்டுவந்தது.

ஏர்டெல் இசையை அமைத்தவர் ஏ.ஆர்.ரஹ்மான் என்று எல்லோருக்கும் தெரியுமே என்று தாங்கள் கேட்கலாம். 2002-இல் அது வந்தபோது அவர் பெயர் ஏற்கெனவே வீடுதோறும் தெரிந்திருந்தது. 1992-இல் ‘ரோஜா’ வெளிவரும் முன்பே அவர் விளம்பரங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்தார். லியோ காபி விளம்பரத்தின் இசையை நாங்கள் எல்லோரும் முணுமுணுத்தோம். அது யாருடையது என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, சொல்வாரும் இல்லை.

இதில் என் சொந்த வருத்தமும் கலந்திருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜவுளிக்கடையின் உள்ளூர் கேபிள் விளம்பரத்துக்குப் பன்னிரண்டு விநாடி இசை அமைத்துக் கொடுத்தேன். செல்லூரில் எங்கள் வீட்டைச் சுற்றித் தறிகள் ஓடும். அவை நின்ற பிறகு இரவில் உட்கார்ந்து, மூன்று நாளில் முடித்தேன். ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். இரண்டு தீபாவளிக்கு அது ஓடியது, தெருப் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டே விளையாடினார்கள். என் மகள் பள்ளியில், “அது எங்கப்பா போட்ட மியூசிக்” என்று சொல்லியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. அழுதுகொண்டு வந்தவளிடம் எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மூன்றாவது ஆண்டு அதே இசை வேறொரு கடையின் விளம்பரத்தில் வந்தது. கேட்கப் போனபோது, “காசு வாங்கிட்டீங்கள்ல, அப்புறம் என்னண்ணே?” என்று அனுப்பிவிட்டார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்கிறது. அன்று எனக்கு அது தெரியாது.

முப்பது விநாடி விளம்பரத்தில் கலைஞர்களின் பெயரையெல்லாம் போட இடம் இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்திரிகையில் அந்த நெருக்கடி இல்லை. நான்கு பத்தி எழுத இடம் இருக்கும்போது ஒரு பெயருக்கும் இடம் இருக்கும். இந்த இசையின் விஷயத்தில் பெயரைத் தேடி அலையவும் வேண்டியதில்லை. அது இசைத்தட்டின் மேலேயே அச்சாகி, அதைச் செய்தவரின் பெயரால்தான் கடைகளில் விற்றது. பறவையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியில் அவர் ‘மிஸ்டர் வாஸோ’ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அந்த விளம்பரப் படங்களை இயக்கியவரும் அவரே, பின்னாளில் முழுநீளத் திரைப்படங்களையும் இயக்கினார்.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரையில் விடுபட்ட அந்தப் பெயரை ஒரு வரித் திருத்தமாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1974-இல் பாரிஸில் பிறந்த அவருடைய இயற்பெயர் குவென்டின் டுப்யூ.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மெல்லிசைக் குழுக் கீபோர்டு கலைஞர்,
செல்லூர், மதுரை.