மாசாய் மாராவில் எங்கே தங்குவது? கவிதாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கவிதா,

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தைப் பார்க்க வரும்போது எங்கே தங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய மூன்று லிங்க்கையும் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது நீண்டுகொண்டே போனது. நான் நைரோபிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து ஊரிலிருந்து இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். சித்தப்பா, சித்திக்கும் படித்துக் காட்டு. அவர்கள் வசதியையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

நீ அனுப்பியதெல்லாம் படங்கள். நீச்சல்குளம், குளியல்தொட்டி, கட்டிலைச் சுற்றி வெள்ளைக் கொசுவலை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மூன்றும் எங்கே இருக்கின்றன என்று மேப்பில் பார்த்தாயா? முதலாவது மாசாய் மாரா ரிசர்வுக்கு உள்ளே. இரண்டாவது அதன் நுழைவாயில்களில் ஒன்றான டலெக் கேட்டுக்கு வெளியே. மூன்றாவது, மாசாய் குடும்பங்களின் நிலத்தில் அமைந்த காப்புப்பகுதியான நபோய்ஷோ கன்சர்வன்சியில். விளம்பரத்தில் மூன்றுக்கும் 'மாசாய் மாரா' என்றுதான் போட்டிருப்பார்கள். ஆனால் நீங்கள் எத்தனை மணிக்கு வெளியே கிளம்பலாம், ஒரு சிங்கத்தைச் சுற்றி எத்தனை வண்டி நிற்கும், கொடுக்கிற பணம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதெல்லாம் இடத்தை வைத்தே முடிவாகிவிடும். அதனால் முதலில் நிலத்தைத் தேர்ந்தெடு. கூடாரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ரிசர்வ் என்பது சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். நரோக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அரசின் கையில் இருக்கிறது. மாரா ஆற்றுக்கு மேற்கே இருக்கும் பகுதியை மாரா முக்கோணம் என்பார்கள், அதை மட்டும் 2001 முதல் லாபநோக்கில்லாத ஓர் அமைப்பு கவுண்டிக்காக நிர்வகிக்கிறது. வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தைகள் ஆற்றைத் தாண்டும் காட்சியை எல்லோரும் பார்க்க ஆசைப்படுகிறார்களே, அது நடப்பது இந்த ஆற்றில்தான். இங்கே பாதையை விட்டு வண்டியை இறக்கக்கூடாது, இருட்டிய பிறகு சுற்றக்கூடாது. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். உங்களில் பெரியவர்கள் நான்கு பேருக்கு மூன்று நாள் என்றால் சீசனில் 2,400 டாலர் கேட்டிலேயே போய்விடும். அந்த இரண்டாவது லிங்க்கில் விலை குறைவாகத் தெரிகிறதே, அதில் இந்தக் கட்டணம் சேர்ந்திருக்காது. கேட்டுக்கு வெளியே தங்கினால் ஒவ்வொரு நாளும் வரிசையில் நின்று உள்ளே போய், இருட்டுவதற்குள் வெளியே வந்தாக வேண்டும்.

டலெக், செகனானி கேட்டுகளைச் சுற்றி மலிவான கேம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. கையில் இருக்கிற பணத்துக்கு அதுதான் முடியும் என்றால் போகலாம், மிருகங்கள் தெரியாமல் போகாது. ஆனால் அப்படி ஓரிடத்தில் நான் தங்கியபோது பக்கத்துக் கேம்பின் ஜெனரேட்டரும் பாட்டும் நள்ளிரவு வரை ஓயவே இல்லை. சித்தப்பாவுக்குத் தூக்கம் எவ்வளவு முக்கியம் என்று உனக்கே தெரியும்.

இனி கன்சர்வன்சி. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ரிசர்வுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிற புல்வெளி முழுக்க மாசாய் மக்களின் மேய்ச்சல் நிலம். ஊர்ப்பொதுவாக இருந்த அந்த நிலம் பிறகு குடும்பவாரியாகப் பிரிக்கப்பட்டது. பிரித்த பிறகு ஆளாளுக்கு வேலி போடலாம், விற்கலாம், உழலாம். அப்படி நடந்தால் ரிசர்வுக்கு வெளியே காலங்காலமாக நடமாடிய யானைக்கும் வில்டபீஸ்டுக்கும் வழியே இருக்காது. ரிசர்வுக்குச் சுவர் கிடையாது, மிருகங்களில் பெரும்பங்கு எப்போதும் அதற்கு வெளியேயும்தான் வாழ்கிறது. அதற்கு ஒரு வழியாக, 2005-ல் ஓல் கின்யேய், அடுத்து ஒலாரே ஓரோக், 2009-ல் மாரா நார்த், 2010-ல் நபோய்ஷோ என்று ஒவ்வொன்றாக உருவாயின. நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகின்றன. கேம்புகள் மாதாமாதம் குத்தகைப் பணம் கட்டுகின்றன. விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் அது போய்ச் சேர வேண்டும். இன்றைக்கு மாராவைச் சுற்றி 14,000-க்கும் மேற்பட்ட நில உரிமையாளர்களுக்கு இப்படி வருமானம் வருகிறது. ஆனாலும் 2020-ல் கொரோனாவால் விமானங்கள் நின்றபோது இந்தக் குடும்பங்களும் அடிவாங்கின.

பதிலுக்கு என்ன கிடைக்கிறது என்றால், கூட்டமில்லாத காடு. நபோய்ஷோவில் 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒலாரே ஓரோக்கும் சேர்ந்த ஒலாரே மோடோரோகி கன்சர்வன்சியில் 700 ஏக்கருக்கு ஒன்று. ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது. அங்கே தங்குகிறவர்கள் மட்டுமே உள்ளே சுற்றலாம். இரவில் டார்ச் வெளிச்சத்தில் போகலாம், காலையில் கைடோடு நடக்கலாம், புல்வெளியில் இறங்கி சிவிங்கிப்புலிக்கு அருகே வண்டியை நிறுத்தலாம். ஜூலை, ஆகஸ்டில் ரிசர்வின் ஆற்றங்கரையில் எத்தனை ஜீப் முட்டிக்கொண்டு நிற்கும் என்று நேரில் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மந்தை தண்ணீரில் இறங்கப் போகும் நேரத்தில் வண்டிகள் வழியை மறித்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அழுகையே வரும்.

நாம் எங்கே தங்குகிறோம் என்பதில் மிருகங்களின் வழியும் அடங்கியிருக்கிறது என்பதற்கு அண்மைக் கதை ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் ரிசர்வுக்குள் சாண்ட் ஆற்றங்கரையில் ரிட்ஸ்-கார்ல்டன் 20 சொகுசுக் கூடாரங்களோடு ஒரு கேம்ப் திறந்தது. மந்தைகள் எல்லைக்கு அப்பால் தான்சானியாவில் இருக்கும் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் இடையே போய்வரும் பாதையில் அது நிற்கிறது என்று ஒரு மாசாய் தலைவர் வழக்குப் போட்டார். இல்லை என்றது கென்யாவின் வனவிலங்குத் துறை. அந்த ஆண்டின் கடைசியில் வழக்கை அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். யார் சரி என்று தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. ஆனால் ஆற்றங்கரையில் இன்னும் இன்னும் கட்டடங்கள் வேண்டாம் என்று நினைக்கிறவள் நான். ரிசர்வுக்குள் புதிதாக எதுவும் கட்டக்கூடாது என்று நிர்வாகத் திட்டமே பேசிய காலத்தில் எழுந்தது அது என்பதும் எனக்கு உறுத்துகிறது.

சரி, கூடாரத்துக்கு வருவோம். "டென்ட்டா? அப்பா எப்படி இருப்பார்?" என்று கேட்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் போடும் முகாம் மாதிரி நினைத்துக்கொள்ளாதே. மரத்தாலான மேடை, அதன்மேல் கனத்த கேன்வாஸ், உள்ளே நல்ல கட்டில், பின்பக்கம் ஒட்டினாற்போல் கழிப்பறை, குளியலறை. சித்தப்பா ராத்திரி எழுந்தால் வெளியே வர வேண்டியதில்லை. சில கேம்புகளில் குழாயில் சுடுதண்ணீர் வரும். சிலவற்றில் வாளிக் குளியல். நீ சொல்லிவைத்த நேரத்துக்கு ஒருவர் சுடுதண்ணீரைத் தூக்கிவந்து, கூடாரத்துக்குப் பின்னால் தொங்கும் வாளியில் ஊற்றி, கப்பியில் கயிறு போட்டு மேலே ஏற்றுவார். ஏற்றி முடித்ததும் வெளியிலிருந்து குரல் கொடுப்பார். நீ உள்ளே சங்கிலியை இழுத்தால் ஷவர் கொட்டும். ஒரு வாளிதான். சோப்புப் போடும்போது நிறுத்திவிட வேண்டும். குட்டி ஆதிரைக்கு இது ரொம்பப் பிடிக்கும், சித்திக்குப் பிடிக்காமல் போகலாம். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்றால் புக் செய்யும்போதே கேட்டுவிடு.

வேலி இருக்கிறதா இல்லையா என்பது பெரிய கேள்வி. பெரிய லாட்ஜுகள் பலவற்றில் மின்வேலி உண்டு. கன்சர்வன்சிக் கேம்புகள் பெரும்பாலும் திறந்தவெளிதான். இருட்டியதும் கூடாரத்தைவிட்டுத் தனியாக வெளியே வரக்கூடாது. சாப்பிடப் போகவும் திரும்பவும் அஸ்காரி வந்து கூட்டிப்போவார், சிவப்புப் போர்வை போர்த்திய மாசாய் காவலர், கையில் டார்ச்சும் ஈட்டியும். அவர் நின்றால் நீயும் நில். ஆற்றோரக் கேம்ப் என்றால் ராத்திரி நீர்யானை மேய வரும். ஓர் இரவு என் தலைமாட்டுக்கு வெளியே, கேன்வாஸுக்கு அந்தப் பக்கம், புல்லைப் பற்றி இழுத்து அறுக்கும் சத்தமும் கனத்த மூச்சும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தன. ஜிப்பை இறக்கிவிட்டு உள்ளே இருக்கும்வரை அது உன்னை ஒன்றும் செய்யாது, அதன் வழியில் குறுக்கே போய் நின்றால்தான் ஆபத்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு இதை முன்கூட்டியே சொல்லிப் புரியவைத்துக் கூட்டிவா. நடைப்பயணத்துக்குப் பெரும்பாலும் 12 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் அதில் ஆதிரையைச் சேர்க்க மாட்டார்கள். சில கேம்புகளில் குடும்பத்துக்கென்று இரண்டு அறை சேர்ந்த கூடாரம் இருக்கும், அதைக் கேள்.

வேலியே இல்லாத இடத்தில் சித்திக்குத் தூக்கம் வராது என்றால், கெட்டியான சுவரும் கூரையும் உள்ள லாட்ஜ் தப்பே இல்லை. மாரா முக்கோணத்தில் குன்றின்மேல் இருக்கும் மாரா செரினா, 1960-களிலிருந்து ரிசர்வுக்குள் இயங்கும் கீகோரோக் இரண்டும் இந்த வகை. இடம் மாற்றிக்கொண்டே போகும் நகரும் கேம்புகளும் உண்டு. டிசம்பரிலிருந்து மார்ச் வரை செரங்கெட்டியின் தெற்கே ண்டுட்டு பக்கம், ஜூலைக்கு மேல் வடக்கே. அவை உங்களுக்கு இந்த முறை வேண்டாம்.

மாதத்தைப் பற்றி நீ கேட்கவே இல்லை. மே மாத லீவில் வருவதாகச் சொன்னாயே, அதை மாற்று. மார்ச் கடைசியிலிருந்து மே வரை இங்கே பெருமழைக் காலம். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பின் காட்டுக்குள் வண்டி இறக்கினால் என்ன ஆகுமோ அதேதான் இங்கேயும். சில கேம்புகள் ஏப்ரல், மேயில் மூடியே இருக்கும். காலாண்டு லீவில் வாருங்கள். செப்டம்பர் கடைசியில் மந்தைகள் மாராவில் இருக்கும், புல் குட்டையாக இருக்கும், கூட்டமும் ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. விலை கூடத்தான். அதைச் சமாளிக்க, உன் திட்டத்திலிருந்து அம்போசெலி, நகுரு பூங்காக்களை எடுத்துவிடு. ஆறு நாளில் மூன்று இடம் என்றால் பாதி நேரம் வண்டியில்தான். சித்தப்பாவின் முழங்காலுக்கும் அது ஆகாது. ஒரே கேம்பில் நான்கு இரவு இருங்கள். ஒரு நாள் மட்டும் சாப்பாடு கட்டிக்கொண்டு ரிசர்வுக்குள் ஆற்றுப்பக்கம் போய்வாருங்கள், அந்த ஒரு நாளுக்கு மட்டும் 200 டாலர் கட்டணம்.

நைரோபியிலிருந்து சாலையில் ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிடுவார்கள். ஒருவருக்கு 15 கிலோதான், அதுவும் மடங்குகிற துணிப்பையில். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை என் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பிளாஸ்டிக் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் தடை, சித்தி முறுக்கைத் துணிப்பையிலோ டப்பாவிலோ எடுத்துவரட்டும். ஸ்வெட்டர் அவசியம். மாரா 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, விடியற்காலையில் திறந்த ஜீப்பில் குளிர் எலும்பைத் தொடும். படுக்கைக்குள் சுடுதண்ணீர்ப் பை வைத்துவிட்டுப் போவார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். 1896-க்குப் பின் ரயில்பாதை போட இந்தியர்கள் வந்த நாட்டில் சப்பாத்தி எல்லா வீட்டிலும் உண்டு. சைவம் என்று முன்பே எழுதிவிட்டால் போதும்.

கேம்புக்குப் பணம் கட்டும் முன் ஒன்று செய்தாக வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் இங்கிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அந்தச் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சித்தப்பாவுக்கு 68 ஆகிறது. அறுபது தாண்டியவர்கள் அந்த ஊசியை டாக்டரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக்கூடாது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பயணத்தையே வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும். மலேரியா மாத்திரையையும் அதே டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அப்புறம் கேம்புக்கு எழுதும்போது, விலையில் கன்சர்வன்சிக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, உங்கள் ஐந்து பேருக்கு மட்டும் தனி வண்டி கிடைக்குமா, சாப்பாட்டுக் கூடாரத்துக்கும் உங்கள் கூடாரத்துக்கும் எவ்வளவு தூரம், படிக்கட்டு உண்டா என்று கேள். கைடைப் பற்றியும் கேள். கென்யாவில் கைடுகள் பரீட்சை எழுதி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தகுதி வாங்குகிறார்கள். வெள்ளிக் கைடு ஒருவர் கிடைத்தால் நீச்சல்குளத்தை மறந்துவிடுவாய். கூடவே, அந்தக் கேம்பில் வேலை பார்ப்பவர்களில் எத்தனை பேர் அந்த நிலத்துக்காரர்களின் பிள்ளைகள் என்றும் கேட்டுப் பார். நல்ல கேம்ப் இதற்குச் சந்தோஷமாகப் பதில் எழுதும்.

என் ஓட்டு உன் மூன்றாவது லிங்க்குக்கு. முதலில் டாக்டரைப் பாருங்கள், அடுத்து கேம்ப், விமான டிக்கெட் கடைசியில். கேம்ப்காரர்கள் அனுப்பும் பதிலை எனக்கு அப்படியே அனுப்பு, உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா
நைரோபி