64 கேபிபிஎஸ்ல ஒரு ஃபாரம் கூட திறக்கல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன் லைன் வழியா நெட் வந்த பழைய டயல்-அப் காலத்தையும் இப்ப வர்ற ஃபைபர் ஸ்பீடையும் ஒப்பிட்டு நீங்க போட்டிருந்த கட்டுரைய படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா டயல்-அப்ப ஏதோ மியூசியத்துல வச்ச சாமான் மாதிரி எழுதிட்டீங்க. அது இன்னும் சாகல சார், தினமும் மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்துட்டு தான் போகுது. எப்படின்னு சொல்றேன்.

2000லேருந்து அஞ்சு வருஷம் கும்பகோணத்துல ப்ரௌசிங் சென்டர் வச்சிருந்தேன். நாலு கம்ப்யூட்டர், ஆனா மோடம் (கம்ப்யூட்டர போன் லைனோட சேக்கிற பெட்டி) ஒண்ணு தான், லைனும் ஒண்ணு தான். காலைல கனெக்ட் பண்றப்ப கீய்ங்னு ஒரு கத்தல், அப்புறம் கர்ர்ர்னு ஒரு இரைச்சல், அது ரெண்டு பக்கத்து மோடமும் லைன் எப்படி இருக்குன்னு பாத்து எந்த ஸ்பீட்ல பேசிக்கலாம்னு முடிவு பண்ற சத்தம். தினம் கேட்டு கேட்டு சத்தத்த வச்சே இன்னிக்கு 44 கிடைக்கும், இன்னிக்கு 28 தான்னு சொல்லிடுவேன். மழை பெஞ்சு ஜாயின்ட்ல தண்ணி இறங்கிட்டா 28 கூட பெரிய விஷயம். வீட்டுல யாராவது தெரியாம எக்ஸ்டென்ஷன் ரிசீவர எடுத்துட்டா மொத்தமும் போச்சு, முதல்லேருந்து கீய்ங்.

பெட்டி மேல 56 கேன்னு போட்டிருப்பான். அது பிட் கணக்கு, செகண்டுக்கு 56 ஆயிரம் பிட், அதான் 56 கேபிபிஎஸ். எட்டு பிட் சேந்தா தான் ஒரு பைட், அதனால எட்டால வகுத்தா செகண்டுக்கு 7 கேபி, அதுலயும் எங்க லைனுக்கு 5 தான் தேறும். 4 எம்பி பாட்டு ஒண்ணு இறங்க கால் மணி நேரம், ஒரு ஜிபின்னா 55 மணி நேரம். இப்ப 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன்ல (டாக்டர் படிப்பு இல்ல, செகண்டுக்கு 100 மெகாபிட்) அதே ஒரு ஜிபி 80 செகண்ட்ல வந்துடும். ஸ்பீட் ரெண்டாயிரம் மடங்கு கூடிடுச்சுன்னு நீங்க போட்ட கணக்குல எனக்கு சண்டையே இல்ல.

56க்கு மேல ஏன் போகலன்னு மட்டும் கட்டுரைல சொல்லாம விட்டுட்டீங்க. எக்ஸ்சேஞ்சுல நம்ம குரல செகண்டுக்கு 8000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா மாத்தி அனுப்புவாங்க, பெருக்கினா 64 கேபிபிஎஸ். ஒரு போன் காலுக்கு ஒதுக்கின இடமே அவ்வளவு தான், அதுவும் முழுசா டேட்டாவுக்கு தேறாது, 56 தான், அதுக்குள்ள எந்த மோடமும் அதுக்கு மேல என்ன தான் பண்ணும்?

இந்த 64ங்கிற நம்பர நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. எங்க வீட்டுல ஃபைபர் கிடையாது, மொபைல் டேட்டா தான், ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. பேரன் ரீல்ஸ் பாத்தே மத்தியானத்துக்குள்ள அத காலி பண்ணிடுவான், உடனே மெசேஜ் வரும், இனிமே உங்க ஸ்பீட் 64 கேபிபிஎஸ்னு. ப்ளான் பேரு அன்லிமிடெட். 2004ல கவர்மென்ட் பிராட்பேண்ட்னா குறைஞ்சது 256 கேபிபிஎஸ் இருக்கணும்னு சொல்லுச்சு, 2013ல அத 512 ஆக்குனாங்க, 2023ல 2 எம்பிபிஎஸ். எனக்கு கிடைக்கிறது 2004 கணக்குலயே கால்வாசி.

சரி, 64ஓ 56ஓ, நான் அதுலயே கடை நடத்தினவன் தானேன்னு போன மாசம் மத்தியானம் வருமான சான்றிதழுக்கு அப்ளை பண்ண உக்காந்தேன். வெள்ளை ஸ்கிரீன், நடுவுல ஒரு வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. நாலு நிமிஷம் கழிச்சு பேனர் படம் வந்துச்சு, அப்புறம் லாகின், அப்புறம் கேப்ச்சா பாதி படம், ஓடிபி மட்டும் போனுக்கு டக்குனு வந்துடுச்சு, அத அடிக்கிறதுக்கு கட்டம் வர்றதுக்குள்ள செஷன் எக்ஸ்பயர்டுன்னு போட்டுட்டான். மூணு தடவை இதே கதை.

எங்க கடைல பிளஸ் டூ ரிசல்ட் அன்னிக்கு வாசல் வரைக்கும் கூட்டம் நிக்கும், ஒரு மோடத்த நாலு கம்ப்யூட்டருக்கு பங்கு போட்டும் நம்பர அடிச்சா மார்க் வந்துடும். கூட்டத்துல சைட்டு திணறினா தான் லேட்டு, மத்தபடி அந்த பேஜ்ல எழுத்தும் ஒரு கட்டமும் தான், பத்து கேபி இருந்தா அதிகம். மத்த சைட்டுக்கு ப்ரௌசர்லயே படத்த ஆஃப் பண்ணி வச்சிருப்போம். இப்ப சாதாரண பேஜே ரெண்டு எம்பிக்கு மேல போகுது, 64ல அதுக்கு 250 செகண்ட், இதுல எனக்கு வேண்டிய விஷயம் என்னமோ அதே பேரு, அட்ரஸ், ரேஷன் கார்டு நம்பர் தான். ரெண்டாயிரம் மடங்கு ஸ்பீட் வந்துச்சு, அதுல முக்காவாசிய ஸ்லைடு ஷோவும் பேனரும் தின்னுடுச்சுன்னு தான் நான் சொல்லுவேன்.

சர்க்கார் சைட்டுக்கு மட்டும் டேட்டா கழிக்காதீங்கன்னு கேக்கலாம், ஆனா சைட்டுக்கு ஒரு ரேட் வைக்கக் கூடாதுன்னு 2016லயே ட்ராய் (போன் கம்பெனிகள கட்டுப்படுத்தற அமைப்பு) சொல்லிடுச்சு, அது நல்ல ரூல், அத தொட வேணாம். பேஜ இளைக்க வைங்க, அது போதும். சைட்டு பண்றவங்க அத வெளியிடறதுக்கு முன்னாடி ஒரு தடவ 64ல திறந்து பாக்கட்டும், செஷன் டைமையும் அதுக்கு தகுந்த மாதிரி வைக்கட்டும்.

கடைசியா ஒண்ணு, கோச்சுக்காதீங்க. இந்த கடிதத்த உங்க வெப்சைட்ல இருக்கிற வாசகர் கடித பேஜ்ல தான் போட பாத்தேன், மேல ஒரு வீடியோ விளம்பரம் லோட் ஆகிட்டே இருந்துச்சு, கீழ எழுதற கட்டம் வரவே இல்ல. அதான் ஈமெயில்ல அனுப்பறேன். மொத்தம் 15 கேபி தாண்டாது, என் பழைய மோடத்துலயே நாலஞ்சு செகண்ட்ல வந்து சேந்திருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் ப்ரௌசிங் சென்டர்காரர்,
கும்பகோணம்