பாப்பா ஓடட்டும்

அன்பு நண்பனுக்கு,

இங்கு எல்லாரும் நலம். பாப்பா வீடு திரும்பி, ஊசிக்கும் பழகிவிட்டாள் என்று படித்ததும் மனசு லேசானது. ஆனால் விளையாட்டு பீரியடில் அவளை வகுப்பிலேயே உட்கார வைக்கச் சொல்லப் போகிறாயாமே, அது மட்டும் வேண்டாம். டைப் 1 சர்க்கரை, அதாவது உடம்பில் இன்சுலின் சுரக்காததால் அதை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளை ஓடலாம், நீந்தலாம், பள்ளி டூரும் போகலாம். கிளம்புமுன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

மைதானத்தில் இறங்குமுன் சர்க்கரை பார்க்கட்டும். 90க்குக் (மி.கி./டெ.லி., மீட்டர் காட்டும் எண்) கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, அளவு ஏறியபின் இறங்கலாம். 250க்கு மேல் என்றால் கீட்டோன் பார்க்க வேண்டும்; இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம் அது. ரத்தத்தில் அது லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தொட்டால் அன்று விளையாட்டு கிடையாது. ஓடப்போகிற நேரத்தில் தொடையில் ஊசி போடாதே. வேலை செய்கிற தசைக்கு ரத்தம் பாயும், மருந்தும் வேகமாக ஏறி சர்க்கரையைக் கீழே தள்ளிவிடும். நன்றாக ஆடிய நாளில் ராத்திரியிலும் இறங்கும், படுக்குமுன் ஒரு தடவை பார்.

70க்குக் கீழே போனால் கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் எரிந்து விழுவாள், கையெழுத்து கோணும். அப்போது கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ்; 30 கிலோ பிள்ளைக்கு 9 கிராம். பொடியை வீட்டிலேயே எடைபோட்டு, பொட்டலம் கட்டி, பென்சில் டப்பாவில் ஒன்றும் டீச்சர் மேசையில் ஒன்றும் வைத்துவிடு. சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லையென்றால் இன்னொரு பொட்டலம். பள்ளிகளில் வழக்கமாக நடக்கும் தப்பு, அந்த நிலையில் பிள்ளையைத் தனியாக ஆபீஸ் ரூமுக்கு அனுப்புவது. படியில் மயங்கினால் யார் பார்ப்பது? உட்கார்ந்த இடத்திலேயே கொடுக்கச் சொல். நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, டாக்டர் எழுதித் தந்த, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. பத்துப் பக்கம் கொடுத்தால் எவரும் படிக்கமாட்டார்கள்.

வலிக்காத இடம் என்று பிள்ளைகள் ஒரே இடத்தில் குத்திக்கொள்வார்கள். அங்கே தோலுக்கடியில் கொழுப்பு கட்டிப்போய் மருந்து சரியாக இழுபடாது. சர்க்கரை ஏறுகிறதே என்று பெரியவர்கள் மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். ஒருநாள் புது இடத்தில் போட்டதும் அத்தனையும் ஒழுங்காக வேலை செய்து சர்க்கரை தடாலென்று விழும். அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு விரல்கடை தள்ளிக் குத்தட்டும், விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும் இருக்கட்டும். இன்சுலின் பேனாவை அழுத்தியபின் பத்து எண்ணிவிட்டு ஊசியை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மருந்து வெளியே கசியும்.

இன்னொன்று, 280 என்று காட்டினால் “என்னத்தைத் தின்னே?” என்று கேட்டுவிடாதே. ரெண்டு தடவை திட்டு வாங்கினால் மூன்றாவது தடவை நோட்டில் 140 என்று எழுதிவிடுவாள். பொய் எண்ணை நம்பி டாக்டர் மருந்தை மாற்றினால் விபரீதம். “சரி, இப்ப என்ன பண்ணலாம்?” என்று அவளையே கேள். கை கழுவாமல் பார்த்தாளா என்றும் கேட்டுக்கொள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலும் மீட்டர் ஏற்றிக் காட்டும்.

டூர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடு. மருந்தும் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பும் இரண்டு மடங்கு, இரண்டு பையில். ஒன்று அவள் தோளில், இன்னொன்று டீச்சரிடம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்