ஆறாம் படிவம் என்றால் இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயவே இல்லை. மகளுக்கு எத்தனை 'ஏ' என்று கேட்டவர்கள், அவளுக்கு எதில் விருப்பம் என்று கேட்கவில்லை. "மருத்துவமா, சட்டமா?" அவ்வளவுதான். ஆறாம் படிவத்தில் சேர்ந்து, பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதப் போகிறாள் என்றதும் துக்கம் விசாரிக்கும் குரலுக்கு மாறிவிட்டார்கள். வீட்டை அடகு வைத்தாவது தனியார் கல்லூரியில் சேர்க்கச் சொன்னார் அவளுடைய பெரியப்பா. அவர் வீட்டையல்ல, எங்கள் வீட்டை!

மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு, அரசுப் பள்ளிச் செலவு. நல்ல தேர்ச்சி இருந்தால், 1969 முதல் எங்கள் பினாங்குத் தீவிலேயே இயங்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதில் என்ன குறைச்சல்? பி.டி.பி.டி.என். எனும் அரசு உயர்கல்விக் கடன் வாங்கினால் அதைக் கட்டப்போவது பிள்ளைதான், யோசனை சொன்ன உறவினர் அல்லர்.

ஊரும் உறவும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு அள்ளிக் கொடுத்த சமூகம் இது. இன்றோ கோயில் மண்டபத்தில் 'ஏ'க்களை எண்ணிப் பொன்னாடை போர்த்துகிறோம். அதே மண்டபத்தில் ஒரு சனிக்கிழமை, அரசுப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான யுபியு விண்ணப்பத்தை விளக்கத் தெரிந்த நான்கு பட்டதாரிகள் உட்காரக் கூடாதா? என் மகளுக்கு அதைப் பொறுமையாகச் சொல்லித் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. பஸ் ஓட்டுநரின் மகள்; அவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி.

ஒரு தாய்,
ஜெலுத்தோங், பினாங்கு