ஒரே படலத்தில் இரண்டு மின்னோட்டம்

அன்புள்ள கண்மணிக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தைப் பார்த்தேன். கோபால்ட்–செம்பு அடுக்குப் படலத்தில், காந்தப்புலத்தால் மின்தடையில் 3 சதவீத மாற்றம். நீ தேடும் பெருங்காந்தத்தடை (GMR) விளைவு இதுவாக இருக்கலாம். சந்தோஷம்தான். ஆனால் காந்தப்புலத்தை ஏற்றியபோது வந்த கோடும் இறக்கியபோது வந்த கோடும் புலம் மிக அதிகமாக உள்ள இடத்தில்கூட ஒட்டவில்லையே, கவனித்தாயா? நடுவில் முகடுகள் விலகி நிற்பது இயல்பு. காந்தம் பழைய திசையை விடத் தயங்கும். பெரும்புலத்திலோ எல்லாக் கோபால்ட் அடுக்கின் காந்தமும் ஒரே பக்கம் திரும்பிவிடும், அங்கே இரண்டு கோடும் சேர்ந்தே ஆகவேண்டும். சேரவில்லை என்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்படு. கட்டிச் செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். மெல்லிய படலத்தில் அது குறைவு. ஆனாலும் மின்காந்தச் சுருள் சூடாகி உன் மாதிரியை ஐந்தாறு டிகிரி ஏற்றிவிட்டால், நீ தேடும் 3 சதவீதத்தில் பாதி அதுவாகவே இருக்கலாம்.

மாதிரியை ஒட்டினாற்போல் ஒரு பிளாட்டினம் வெப்பமானியை வை. ஒவ்வொரு அளவோடும் வெப்பநிலையையும் குறித்துக்கொள். நான்கு முனை இணைப்பையே வை: வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். இரு முனையில் அளந்தால், கம்பியை ஒட்டும் சில்வர் பேஸ்டின் தடையும் சேர்ந்து வரும். 1 மில்லி ஆம்பியர் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திருப்பிப் போட்டு, இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதியை எடு. இணைப்புகளில் பிறக்கும் வெப்ப மின்னழுத்தம் கழிந்துவிடும்.

இனி மாற்றம் ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம்போல; அந்தக் குணம்தான் ஸ்பின், அதற்கு மேல், கீழ் என இரண்டே நிலை. மேல்ஸ்பின், கீழ்ஸ்பின் எலக்ட்ரான்கள் ஒரே காந்த உலோகத்தில் இரண்டு தனித்தனி மின்னோட்டமாக ஓடுகின்றன என்று 1936-இல் இயற்பியலாளர் நெவில் மாட் சொன்னார். கோபால்ட்டில் ஒரு ஸ்பினுக்கு டி-பட்டை (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் ஒரு தொகுதி) நிரம்பியிருக்கும், சிதற இடமில்லை, தடை குறைவு. மற்றதற்கு இடம் காலி, அடிக்கடி மோதும். ஒரு கோபால்ட் அடுக்கில் எளிதாக ஓடும் ஸ்பினுக்குத் தடை 1, மற்றதற்கு 5 என்று வைத்துக்கொள். இரு அடுக்கின் காந்தமும் ஒரே திசை என்றால் ஒரு பாதையில் 2, மறுபாதையில் 10. இணையாகச் சேர்த்தால் 1.67. எதிரெதிர் என்றால் ஓர் அடுக்கில் எளிதாக ஓடும் ஸ்பின் மற்றதில் மோதும், இரண்டு பாதையிலும் 6, சேர்த்தால் 3. புலம் அடுக்குகளை ஒரே திசைக்குத் திருப்பும்போது தடை இறங்குவது இதனால்தான். தாளில் ஒருமுறை நீயே போட்டுப் பார். நிஜ மாதிரியில் மற்றச் சிதறல்களும் சேர்வதால் வித்தியாசம் இவ்வளவு வராது.

1988-இல் பிரான்சில் ஆல்பர் ஃபெர்ட்டின் குழு இரும்பு–குரோமியம் அடுக்குகளில், 4.2 கெல்வினில், தடை ஏறக்குறைய பாதியாக விழுவதைக் கண்டது. ஜெர்மனியின் யூலிஷில் பீட்டர் க்ரூன்பெர்க் மூன்றே அடுக்கில் அதே விளைவைப் பார்த்தார். அவருக்கு அறை வெப்பநிலையில் கிடைத்தது ஏறக்குறைய 1.5 சதவீதம்தான். அதனால் உன் 3 சதவீதத்தைச் சின்னதாக நினைக்காதே.

ஆனால் அது முழுவதும் அடுக்குகளால் வந்ததுதானா? புலத்தை மின்னோட்டத்தின் திசையில் வைத்து ஒருமுறை, படலத்தளத்திலேயே அதற்குச் செங்குத்தாக வைத்து ஒருமுறை அள. ஒரு திசையில் தடை ஏறி மறுதிசையில் இறங்கினால், அது 1850-களிலேயே கெல்வின் கண்ட பழைய விளைவு. ஒற்றை அடுக்கிலும் வரும். இரண்டிலும் இறங்கினால் நீ தேடியது கிடைத்துவிட்டது.

செம்பின் தடிமனையும் சரிபார். 2 நானோமீட்டரைச் சுற்றி இருக்கட்டும். மிக மெலிந்தால் ஊசித்துளை வழியே கோபால்ட் கோபால்ட்டைத் தொட்டுவிடும், அடுக்குகள் எதிரெதிராக நிற்கவே மாட்டா. தடித்தால் மின்னோட்டத்தில் பெரும்பங்கு செம்புக்குள்ளேயே ஓடிப்போகும்.

அந்த இரண்டு திசைக் கோடுகளும் வந்ததும் அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா