கேரட் தொகுப்பில் இந்த முறை இரண்டு உரமும் ஏன்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை மழை கொஞ்சம் விட்டதும் மாடியில் கேரட் விதைக்க விதை கேட்டு வருவீர்கள். இந்த ஆண்டு எங்கள் கேரட் தொகுப்பில் மண்புழு உரம், வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றோடு சின்னப் பொட்டலங்களில் ரசாயன உரமும் இருக்கும். “இயற்கை உரக் கடையில் இதென்ன?” என்று சிலர் கேட்பீர்கள். “இவ்வளவுதானா, யூரியா எங்கே?” என்று வேறு சிலர் கேட்பீர்கள். இருவருக்கும் சேர்த்தே இந்த மடல்.

யூரியாவை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டோம். அதில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். கீரைக்கு அது சரி, கேரட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. தழைச்சத்து கூடினால் மேலே இலை தளதளவென்று நிற்கும், கீழே கிழங்கு மெலிந்து, முடி முடியாக வேர்விட்டுக் கிடக்கும். கேரட்டுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்புழு உரமே மெதுவாகக் கொடுத்துவிடும். செடி வளர்க்கும் பையின் மண்ணில் மூன்றில் ஒரு பங்கு அது இருந்தால் போதும். மண்ணும் பொலபொலவென்று இருக்கும், கிழங்குக்கு அதுதான் முக்கியம். ஆனால் மக்காத சாணத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள். கிழங்கு இரண்டாகவும் மூன்றாகவும் கவைவிட்டு வளரும். மண்ணில் கல் இருந்தாலும், நாற்றைப் பிடுங்கி நட்டாலும் இதே கதைதான். அதனால் விதையை நேராகப் பையிலேயே தூவுங்கள். பைக்கு ஒரு அடி ஆழமாவது வேண்டும்.

அப்புறம் ரசாயனம் எதற்கு? சாம்பல்சத்துக்காக, அதாவது பொட்டாசியத்துக்காக. கிழங்கு பருக்கும்போது கேரட் அதை நிறைய இழுக்கும். நம் ஊர் வடகிழக்குப் பருவமழையோ பையில் கரைந்திருக்கும் சத்தை அடித்துளை வழியாகக் கழுவிக்கொண்டு போய்விடும். தேவைப்படும் வாரத்தில் தேவையான அளவு கொடுக்க, நீரில் கரையும் உரம்தான் வசதி. விதைத்த 30ஆம் நாளும் 45ஆம் நாளும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கரைத்துப் பைக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். கனமழை எதிர்பார்க்கும் நாளில் வேண்டாம்.

இதற்கான பொட்டலத்தில் இருப்பது சல்பேட் வகைப் பொட்டாஷ், சாம்பல்சத்து உரம். இன்னொரு வகையான மியூரியேட் பொட்டாஷ் விலை மலிவு, சத்தும் 60 சதவீதம், இதில் 50தான். ஆனால் மியூரியேட்டில் குளோரைடு இருக்கிறது, கேரட்டோ உப்பைத் தாங்காத பயிர். திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதியில் போர் தண்ணீர் ஏற்கெனவே உப்பாக இருந்தால், மேலும் உப்பைச் சேர்ப்பானேன்? அங்கே இருப்பவர்கள் முடிந்தவரை மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். தென்னைநார்க் கழிவையும் இரண்டு மூன்று முறை அலசிவிட்டே கலக்குங்கள்.

இன்னொரு பொட்டலத்தில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தரும் சூப்பர் பாஸ்பேட் இருக்கும். பழைய மண்ணையே திரும்பப் பயன்படுத்துகிறவர்கள் பைக்கு ஒரு டீஸ்பூன் அடியுரமாகக் கலக்கலாம். புது மண், புது மண்புழு உரம் என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்களை வாங்குபவர்கள் அவற்றை ரசாயன உரத்தோடு ஒரே நாளில் போடாதீர்கள். உயிருள்ள நுண்ணுயிர்கள் அவை. நடுவில் ஒரு வாரமாவது விடுங்கள்.

எந்த உரம் போட்டாலும் கோயம்பேட்டில் இறங்கும் ஊட்டி கேரட் மாதிரி இங்கே வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறோம். நல்ல நிறத்துக்கும் நீளத்துக்கும் 15 முதல் 20 டிகிரி குளிர் வேண்டும். மார்கழியிலும் சென்னைப் பகல் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. அதனால்தான் வெயிலை ஓரளவு தாங்கும் குரோடா விதையைத் தருகிறோம். சற்றுக் குட்டையாக இருக்கும், சாப்பிட நன்றாக இருக்கும். மார்ச் வெயிலுக்கு முன் பிடுங்க வேண்டுமென்றால் டிசம்பர் முதல் வாரத்தைத் தாண்டாமல் விதையுங்கள்.

ரசாயனமே வேண்டாம் என்பவர்கள் அந்த இரண்டு பொட்டலங்களையும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள், விலையைக் கழித்துக்கொள்கிறோம். சாம்பல்சத்துக்குச் சலித்த விறகுச் சாம்பல் கைவசம் இருக்கிறது. பைக்கு ஒரு ஸ்பூனுக்கு மேல் வேண்டாம், அது மண்ணைக் காரத்தன்மை ஆக்கும்.

அன்புடன்,
உங்கள் விதைக்கடை